பாறை விளிம்புக்கு ஒருநாள் நடை: புதிதாகப் போகிறவர்களுக்கு

செங்குத்துப் பாறைகளையும், அவற்றின் அடியில் கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை ஒதுக்குகளையும் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடும் நடைக்குப் பெரிய பயிற்சி எதுவும் வேண்டாம். கயிறு வேண்டாம், கூடாரம் வேண்டாம். ஐந்தாறு மணி நேரம் நின்று நின்று நடக்கத் தெம்பிருந்தால் போதும். ஆனால் இந்த மாதிரி இடங்களுக்கென்றே சில பழக்கங்கள் இருக்கின்றன. சாதாரண காட்டுப்பாதையில் கால் இடறினால் முட்டி சிராய்க்கும், எழுந்து நடந்துவிடலாம். விளிம்பில் இடறினால் எழுவதற்கு இடமிருக்காது.

புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். எந்தப் பாறையின் மேல் ஏறி நிற்கப் போகிறீர்களோ, அதை முதலில் பக்கவாட்டிலிருந்து ஒருமுறை பாருங்கள். மேலே நிற்பவருக்குத் தன் காலுக்குக் கீழே பத்தடி கனமுள்ள பாறை இருக்கிறதா, ஒரு முழம்தான் இருக்கிறதா என்பது தெரியவே தெரியாது. பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இந்த வழிகாட்டியில் உள்ள மற்றவை எல்லாம், அப்படி நின்று பார்க்க உங்களுக்கு நேரமும் தெம்பும் வெளிச்சமும் மிச்சமிருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

படத்தைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். படத்தில் இருப்பது கடைசி பத்து மீட்டர் மட்டும்தான். நார்வேயில் ட்ரோல்துங்கா என்று ஒரு பாறை இருக்கிறது. ஏரிக்கு மேல் ஏறக்குறைய 700 மீட்டர் உயரத்தில் நாக்கை நீட்டியதுபோல் துருத்திக்கொண்டிருக்கும். அதன் நுனியில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அங்கே போய்த் திரும்ப, எங்கிருந்து நடக்கத் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து, 20 முதல் 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பது படத்தில் தெரியாது. அதே நாட்டின் ப்ரைகஸ்தோலன் பாறையும் 604 மீட்டர் உயரத்தில் நிற்பதுதான். ஆனால் போகவர 8 கிலோமீட்டர்தான். படத்தில் இரண்டும் ஒரே அளவு பயமுறுத்தும். கால்களுக்கு இரண்டும் வேறு வேறு நாட்கள்.

முதல் நடைக்குப் போகவரப் பத்து கிலோமீட்டருக்குள், மொத்த ஏற்றம் 500 மீட்டருக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தூரத்தைவிட ஏற்றம்தான் ஆளை அடிக்கும். பாதை தெளிவாக இருக்க வேண்டும், பலர் போய்வரும் பாதையாக இருந்தால் இன்னும் நல்லது. வனத்துறையோ பூங்கா நிர்வாகமோ அனுமதி கேட்கும் இடமா, வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாத இடமா என்பதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். சில பாறைமுகங்களை வல்லூறு போன்ற பறவைகள் கூடுகட்டும் மாதங்களில் மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் தாய்ப்பறவை மிரண்டு பறந்துபோனால் முட்டை குளிர்ந்துவிடும், குஞ்சு பட்டினி கிடக்கும். மூடியிருந்தால் வேறு இடம் போங்கள், வேலியைத் தாண்டிப் போகாதீர்கள்.

அடுத்தது வரைபடம். சமஉயரக் கோடுகள் போட்ட வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சிக்னல் இல்லாத இடத்திலும் அது திறக்கும். கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் மென்மையான சரிவு. நெருங்கி நெருங்கி வந்தால் செங்குத்து. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அங்கே பாறைச் சுவர் நிற்கிறது என்று அர்த்தம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம் என்று வரைபடத்தில் போட்டிருந்தால், 15 மீட்டர் செங்குத்து அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் சுவடே தெரியாமல் ஒளிந்துகொள்ள முடியும். 15 மீட்டர் என்பது ஐந்து மாடி. அதனால் வரைபடம் சமதளம் என்று காட்டினாலும், பாதையை விட்டுக் குறுக்கே இறங்கும் எண்ணமே வேண்டாம்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது நன்றாக நடந்து பழகியவர், நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். புதியவர்கள் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டுப் பார்ப்போம். போகவர 10 கிலோமீட்டர், ஏற்றம் 500 மீட்டர். தூரத்துக்கு இரண்டரை மணி, ஏற்றத்துக்கு 50 நிமிடம், ஆக 3 மணி 20 நிமிடம். மூச்சு வாங்க, தண்ணீர் குடிக்க, ஷூ லேஸ் கட்ட என்று மூன்றில் ஒரு பங்கு சேருங்கள், நாலரை மணிக்குப் பக்கத்தில் வரும். மேலே பார்க்க ஒரு மணி நேரம். மொத்தம் ஐந்தரை மணி. காலை ஆறரைக்குக் கிளம்பினால் நண்பகலுக்குள் கீழே வந்துவிடலாம். பத்து மணிக்குக் கிளம்பினால் உச்சிவெயிலில் ஏறி, மலைப்பகுதிகளில் இடி வழக்கமாக வரும் பிற்பகலில் விளிம்பில் நின்றுகொண்டிருப்பீர்கள். வித்தியாசம் மூன்றரை மணி நேரத் தூக்கம் மட்டும்தான்.

இதோடு ஒரு திரும்பும் நேரத்தையும் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். "பதினொன்றரை ஆனால் எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்" என்று கூட வருகிற எல்லாரும் கீழே இருக்கும்போதே ஒப்புக்கொள்ள வேண்டும். பாறை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வந்தபிறகு இந்த முடிவை எடுக்க யாராலும் முடியாது.

சூரியன் மறையும் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். கிழக்குப் பார்த்த பாறைமுகத்தின் அடிவாரத்தில் பிற்பகலிலேயே நிழல் விழுந்துவிடும், மரங்கள் அடர்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம் இருட்டும். கையை முழுதாக நீட்டி, உள்ளங்கை உங்களைப் பார்க்கும்படி மடக்கி, சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் நடுவில் விரல்களைப் படுக்கையாக வைத்துப் பாருங்கள். ஒரு விரல் அகலம் சுமார் கால் மணி நேரம். நான்கு விரல் என்றால் ஒரு மணி நேர வெளிச்சம். இது உத்தேசம்தான், ஆனால் கைபேசி செத்துப்போன பிறகும் இந்தக் கடிகாரம் ஓடும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர். மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்று கணக்கு வையுங்கள், கடும் வெயிலில் அதற்கு மேலும் ஆகும். ஐந்தரை மணி நடைக்கு மூன்று லிட்டர். பாறை உச்சிகளில் மழைநீர் நிற்காமல் வழிந்துவிடும் என்பதால், மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்க முடியாது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் உடம்பில் உப்பு குறைந்து தலைசுற்றும். உப்புள்ள தின்பண்டமோ ஓஆர்எஸ் பொட்டலமோ கூட இருக்கட்டும்.

தலையில் மாட்டும் டார்ச். பகல் நடைதானே என்று விட்டுவிடாதீர்கள். பகலில் போய்விட்டு இரவில் மாட்டிக்கொள்பவர்கள் பகல் நடைக்காரர்கள்தான். கைபேசி வெளிச்சத்தில் நடந்தால் ஒரு கை போய்விடும், கூடவே அழைப்பதற்கான பேட்டரியும் போய்விடும்.

காற்று புகாத மேலாடை. உயரம் 1000 மீட்டர் கூடினால் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். விளிம்பில் காற்று வேறு அடிக்கும். வியர்த்த சட்டையோடு ஏறிப்போய்க் காற்றில் நின்றால் பத்து நிமிடத்தில் நடுங்கத் தொடங்கிவிடும். பருத்திச் சட்டை நனைந்தால் காயாது, செயற்கை இழைச் சட்டை சீக்கிரம் காய்ந்துவிடும்.

மற்றவை: விசில், சிறிய முதலுதவிப் பை, தொப்பி, பவர் பேங்க், குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை. கைபேசியை ஏறும் வழியிலேயே ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். சிக்னல் கிடைக்காத இடத்தில் அது விடாமல் தேடித் தேடித்தான் பேட்டரியைக் குடிக்கும். ஜிபிஎஸ் அந்த நிலையிலும் வேலை செய்யும்.

செருப்பு வேண்டாம், புது ஷூவும் வேண்டாம். அடிப்பகுதியில் ஆழமான பள்ளங்கள் உள்ள, ஏற்கெனவே நடந்து பழகிய ஷூ. முந்தின நாள் கால் நகங்களை வெட்டிவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். இறக்கத்தில் ஒவ்வொரு எட்டுக்கும் பெருவிரல் நகம் ஷூவின் முன்பக்கத்தில் இடிக்கும்போதுதான் அதன் அருமை புரியும்.

கடைசியாக, பையில் வைக்க முடியாத ஒன்று. எங்கே போகிறீர்கள், எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் கூப்பிடுவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்த நேரம் தாண்டினால் யாரை அழைக்க வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

ஏறும்போது

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு போதவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். நின்று நின்று ஓடுவதைவிட மெதுவாக, நிற்காமல் போகிறவர்தான் முதலில் போய்ச் சேருவார். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால், அவர் மூச்சிரைக்க வந்து சேரும்போது மற்றவர்கள் ஓய்வெடுத்து முடித்துக் கிளம்பிவிடுவார்கள், அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது.

பாதை பிரியும் இடங்களில் ஒருமுறை திரும்பிப் பின்னால் பாருங்கள். இறங்கும்போது அந்த இடம் அப்படித்தான் தெரியும். ஏறும்போது கண்ணில் பட்ட அடையாளங்களில் பாதி, இறங்கும்போது முதுகுப் பக்கம் போய்விடுகின்றன.

பாறையைப் படிப்பது

இங்கேதான் அவசரப்படக்கூடாது. ஒதுக்கும் துருத்தலும் எப்படி உருவாகின்றன என்று கொஞ்சம் தெரிந்திருந்தால், எது நம்பத்தகுந்தது என்பது பாதி விளங்கிவிடும்.

படிவுப் பாறைகளில் கடினமான அடுக்கும் மெத்தென்ற அடுக்கும் மாறி மாறி இருக்கும். மேலே கெட்டியான மணற்கல், கீழே எளிதில் உதிரும் களிப்பாறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் அடுக்கு மழையிலும் கசிவிலும் கரைந்து உள்ளே உள்ளே போகும், மேல் அடுக்கு அப்படியே நிற்கும். கொஞ்ச காலத்தில் மேலடுக்கு கூரையாகிவிடும். கசிந்துவரும் நீரில் உப்பு இருந்தால், நீர் காய்ந்ததும் உப்புப் படிகம் வளர்ந்து மணல் துகள்களை ஒவ்வொன்றாக நெம்பித் தள்ளும். குளிர்ப் பிரதேசங்களில் விரிசலுக்குள் நின்ற நீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பருத்துப் பாறையைப் பிளக்கும். கடற்கரைகளில் இதே வேலையை அலை செய்கிறது. கிரானைட்டில் கதை வேறு. பாறை வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாக உரியும், ஓர் ஏட்டின் கீழ்ப்பகுதி விழுந்துவிட்டால் மேல்பகுதி தொங்கிக்கொண்டு நிற்கும்.

ஆக, ஒதுக்கு என்பது இன்னும் விழாத கூரை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிற்கும் கூரைகள் உண்டு. அடுத்த மழையில் விழப்போகும் கூரைகளும் உண்டு. எது எது என்று சில அடையாளங்கள் சொல்லும்.

முதலில் தரையைப் பாருங்கள். கீழே கிடக்கும் கற்களின் மேல் பாசியும் சாம்பல் நிறப் பாறைப்பூஞ்சையும் படர்ந்திருந்தால் அவை விழுந்து வெகுகாலம் ஆகிவிட்டது. முனை மழுங்காமல், உள்நிறம் பளிச்சென்று தெரியும்படி கிடந்தால் அண்மையில் விழுந்தவை. அவற்றின் அடியில் நசுங்கிய புல் இன்னும் பச்சையாக இருந்தால் அங்கே நிற்காதீர்கள். அப்புறம் மேலே பாருங்கள். பழைய பாறை முகம் வெயிலும் மழையும் பட்டுக் கறுத்திருக்கும். நடுவில் ஓரிடம் மட்டும் வெளிறிப்போய்ப் புதிதாகத் தெரிந்தால், தரையில் கிடக்கும் கல் அங்கிருந்து வந்ததுதான்.

பிறகு கையால் தொட்டுப் பாருங்கள். ஒதுக்கின் பக்கச் சுவரில் கட்டைவிரலை அழுத்தித் தேயுங்கள். மணல் பொடிப்பொடியாக விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்த மணற்கல் உதிரும் நிலையில் இருக்கிறது. உள்ளங்கையால் தட்டினால் டப்பென்று கனமான சத்தம் வர வேண்டும். உள்ளே காலியாக இருப்பதுபோல் ஒலித்தால், நீங்கள் தட்டியது சுவரை விட்டுப் பிரிந்துவிட்ட ஓர் ஏட்டை. அதைப் பிடித்து ஏறுவதோ, அதில் சாய்ந்து நிற்பதோ கூடாது. ஓவியங்கள் இருக்கும் சுவரில் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மணற்கல் நனைந்தால் வலிமை கணிசமாகக் குறைந்துவிடும். மேற்பரப்பு காய்ந்தபிறகும் உள்ளே ஈரம் இருக்கும். அதனால்தான் மணற்கல்லில் ஏறுபவர்கள் மழைக்குப் பிறகு ஓரிரு நாட்கள் பொறுத்திருக்கிறார்கள். பெருமழை பெய்து ஓய்ந்த மறுநாள் அருவி அழகாகக் கொட்டும் என்பது உண்மை. கல் விழுவதும் அன்றைக்குத்தான் அதிகம்.

விளிம்பில்

சரி, பாறையைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தாகிவிட்டது. மேலே நிற்கலாம் என்று தோன்றுகிறது. இப்போது தரையைக் கவனியுங்கள். விளிம்புக்கு இணையாக ஓடும் விரிசல் தெரிகிறதா? விளிம்பிலிருந்து சில அடிகள் தள்ளி, மண்ணில் ஒரு நீளமான பள்ளமோ வரிசையாக முளைத்த புல்லோ அந்த விரிசலின் அடையாளமாக இருக்கலாம். விரிசல் இருந்தால் அதற்கு இந்தப் பக்கமே நின்றுகொள்ளுங்கள். அந்தப் பக்கம் இருப்பது மலையை விட்டுப் பிரிந்துகொண்டிருக்கும் துண்டு. ப்ரைகஸ்தோலன் பாறையில் ஒரு பெரிய விரிசல் உண்டு. அதைப் பல பத்தாண்டுகளாக அளந்து கண்காணித்து வருவதால்தான் மக்கள் அதைத் தாண்டி நடக்கிறார்கள். நீங்கள் போகும் இடத்தில் யாரும் அளப்பதில்லை.

விளிம்பிலிருந்து உங்கள் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி நில்லுங்கள், அதாவது மூன்று மீட்டருக்கு மேல். இடறி முன்பக்கமாக விழுபவர் தன் உயரத்தையும் அதற்கு மேல் ஓர் எட்டையும் எடுத்துக்கொள்வார் என்பதுதான் இதன் கணக்கு. கூழாங்கல்லோ காய்ந்த ஊசியிலையோ சிதறிய சரிவான பாறை என்றால் இன்னும் தள்ளி நில்லுங்கள். வட்டமான சிறு கற்கள் ஷூவுக்கு அடியில் உருளையாகிவிடும், சரிவு உங்களை விளிம்பை நோக்கியே கொண்டுபோகும். காற்று பலமாக இருந்தால் உட்கார்ந்துகொள்ளுங்கள். முதுகில் பெரிய பை இருந்தால் கழற்றிவிட்டுத்தான் பார்க்கப் போக வேண்டும், பை காற்றைப் பாய்மரம்போல் பிடிக்கும்.

படம் எடுப்பதுபற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செய்திகளைத் தொகுத்துச் செய்த ஓர் ஆய்வில், 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகமெங்கும் தற்படம் எடுக்கும்போது இறந்தவர்கள் 259 பேர் என்று தெரியவந்தது. உயரத்திலிருந்து விழுவது அதில் முக்கியக் காரணங்களில் ஒன்று. படம் எடுக்கும்போது இரண்டு பேருக்கு ஆபத்து. ஒருவர் படத்தில் இருப்பவர், இன்னொருவர் படம் முழுவதும் வரவேண்டும் என்று பின்னால் நகர்ந்துகொண்டே போகும் எடுப்பவர். திரையைப் பார்த்துக்கொண்டு ஓர் எட்டுகூட வைக்கக்கூடாது. நில்லுங்கள், எடுங்கள், கைபேசியைப் பையில் போடுங்கள், அப்புறம் நடங்கள். பெரிய பாறை, சிறிய மனிதர் என்று படம் வேண்டுமென்றால், எதிரே அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இன்னொரு மேட்டிலிருந்து நண்பரை எடுக்கச் சொல்லுங்கள். நுனிக்குப் போகாமலே அந்தப் படம் கிடைக்கும், பாறையின் அமைப்பும் முழுதாகத் தெரியும்.

குழந்தைகள் வந்தால் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர். கை பிடித்தபடி. விதிவிலக்கு இல்லை.

ஒதுக்கின் அடியில்

நல்ல ஒதுக்கின் அடியில் உட்காருவது தனி சுகம். உச்சியில் நிற்கும்போது கிடைக்காத அமைதி இங்கே கிடைக்கும். கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டும் கோடு தரையில் தெளிவாகத் தெரியும். கோட்டுக்கு வெளியே பாசியும் சிறு பெரணிகளும் பச்சைப்பசேலென்று, கோட்டுக்கு உள்ளே ஒரு துளி ஈரம்கூடப் படாத தூசு. அந்தச் சொட்டுக்கோட்டில் மட்டும் நிற்காதீர்கள். மேலிருந்து தளரும் கற்கள் விழும் இடமும் அதுவே. நிற்பதானால் நன்றாக உள்ளே, அல்லது நன்றாக வெளியே. மேலே ஆட்கள் நடமாடும் பாறை என்றால் இன்னும் கவனம் தேவை. மேலிருப்பவர் காலால் தட்டிவிட்ட கல்லுக்குக் கீழிருப்பவரைத் தெரியாது. நீங்கள் மேலே இருக்கும்போது கல் உருண்டுவிட்டால் "கல்லு!" என்று உரக்கக் கத்துங்கள். கீழே இருக்கும்போது அந்தக் குரல் கேட்டால் அண்ணாந்து பார்க்காமல் சுவரை ஒட்டி ஒண்டுங்கள்.

மனிதர்கள் வாழ்ந்த முதல் வீடுகளில் இவையும் சேர்த்தி. 2003-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த, மத்தியப் பிரதேசத்திலுள்ள பீம்பேட்கா முழுக்க முழுக்க மணற்கல் ஒதுக்குகள்தான், பல்லாயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஓவியங்கள் அங்கே சுவரில் நிற்கின்றன. மழை படாததால்தான் நின்றன. பெயர்ப்பலகை இல்லாத ஒதுக்குகளிலும் ஓவியம் இருக்கக்கூடும், காவி நிறத்தில் மங்கலாக, முதல் பார்வைக்குக் கறைபோல். அப்படி எது தெரிந்தாலும் தொடாதீர்கள். கை எண்ணெய் வண்ணத்தில் ஒட்டும். படம் தெளிவாக வரட்டும் என்று தண்ணீர் தெளிக்கவே தெளிக்காதீர்கள், ஒவ்வொரு தெளிப்பும் கொஞ்சம் வண்ணத்தைக் கரைத்துக்கொண்டு போகும், உப்பையும் உள்ளே ஏற்றிவிடும். தரைத் தூசைக் கிளறுவதும் வேண்டாம், ஆய்வாளர்களுக்கு அந்த அடுக்குகள்தான் காலக்கணக்கு. பெயர் எழுதுபவரைப் பார்த்தால் தயங்காமல் தடுத்துச் சொல்லுங்கள்.

நெருப்பு மூட்டாதீர்கள். புகை கூரையில் படிந்து நூற்றாண்டுகளுக்கு நிற்கும் என்பது ஒன்று. சூடேறிய பாறையின் மேல்தோல் வெடித்துத் தலைமேல் விழும் என்பது இன்னொன்று.

தேனீயும் இடியும்

தெற்கு, தென்கிழக்கு ஆசியப் பாறைகளுக்குப் போகிறவர்களுக்கு இது. அங்குள்ள மலைத்தேனீ ஒதுக்குகளின் கூரையில் ஒற்றை அடையாகத் திறந்தவெளியில் கூடு கட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் கறுத்த அரைவட்டமாகத் தொங்கும், உற்றுப் பார்த்தால் அதன் மேற்பரப்பு அலை அலையாக அசையும். அந்த அசைவைக் கண்டால் வந்த வழியே சத்தமில்லாமல் திரும்பிவிடுங்கள். வாசனைத் தைலம், புகை, கூச்சல், கல்லெறி எதுவும் கூடாது. தேனீக்கள் கிளம்பி வந்துவிட்டால், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, விளிம்பு இல்லாத பக்கமாக ஓடுங்கள். கையை வீசி விரட்டாதீர்கள், தண்ணீருக்குள் மூழ்கினாலும் வெளியே காத்திருக்கும். கொட்டிய முள்ளைப் பாதுகாப்பான இடம் வந்ததும் எடுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதே முக்கியம். கொட்டுப்பட்டவருக்கு உதடு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ அது ஒவ்வாமை, உடனே மருத்துவ உதவி வேண்டும்.

இடியைப் பொறுத்தவரை ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். மழை வந்தால் ஒதுக்கின் அடியில் ஒதுங்கலாம். மின்னல் வந்தால் ஒதுங்கக்கூடாது. மலையுச்சியில் இறங்கும் மின்னல் பாறை முகத்தின் வழியே கீழே பாயும்போது, ஒதுக்கின் கூரையிலிருந்து தரைக்கு அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும். இடையில் நிற்பவர் அதற்கு வழியாகிவிடுவார். ஆழமில்லாத குகைகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

மின்னல் கண்ணில் பட்டதும் எண்ணத் தொடங்குங்கள். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று வினாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, விளிம்பையும் முகட்டையும் தனிமரத்தையும் விட்டு உடனே இறங்க வேண்டும். கூட்டமாக நெருங்கி நிற்காமல் ஒருவருக்கொருவர் பதினைந்து மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டு நடங்கள். ஒருவருக்கு அடிபட்டால் மற்றவர் உதவ மிஞ்சியிருக்க வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகாமல் மேலே திரும்பக் கூடாது. பெரும்பாலும் அன்றைக்குத் திரும்பாமலே இருப்பது நல்லது.

இறக்கம்

கிளம்பும் முன் உட்கார்ந்து லேஸை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். குதிகாலை ஷூவின் பின்பக்கம் நன்றாக இடித்து உட்கார வைத்து, கணுக்கால் பக்கம் இறுக்கமாகவும் விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாகவும் கட்டினால் பாதம் முன்னால் சரியாது. ஏற்றத்தில் நுரையீரல் களைக்கும், இறக்கத்தில் தொடை களைக்கும். தொடை களைத்ததும் முட்டி நடுங்கும், நடுக்கம் வந்தபிறகு வைக்கும் எட்டுகள்தான் தவறுகின்றன. சின்னச் சின்ன எட்டு, முட்டியைக் கொஞ்சம் மடக்கியபடி, பாதம் முழுவதும் பதியும்படி. ட்ரெக்கிங் குச்சி இருந்தால் ஏற்றத்தைவிட இறக்கத்துக்குத்தான் அதிகம் உதவும். வளைவு நெளிவான பாதையில் குறுக்கே வெட்டி இறங்காதீர்கள், அந்தத் தடத்தில் அடுத்த மழைக்கு நீர் ஓடி முழுப் பாதையையும் அரித்துவிடும்.

ஏதாவது ஆகிவிட்டால்

வழி தவறியது புரிந்தால் நின்ற இடத்திலேயே உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள், வரைபடத்தைப் பாருங்கள், கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது என்று நினைவுபடுத்துங்கள். பாறைப் பகுதிகளில் "கீழே இறங்கிக்கொண்டே போனால் ஊர் வந்துவிடும்" என்ற யோசனை ஆளைச் செங்குத்தின் தலைமாட்டில் கொண்டு நிறுத்தும், ஓடையைப் பின்தொடர்ந்தால் அருவியின் உச்சியில் நிறுத்தும்.

உதவி வேண்டுமென்றால் விசிலை ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதுங்கள், ஒரு நிமிடம் நிறுத்துங்கள், மறுபடி ஆறு முறை. இரவில் டார்ச்சையும் இதே கணக்கில் மின்னவிடலாம். நிமிடத்துக்கு மூன்று முறை திரும்பி வந்தால் யாரோ கேட்டுவிட்டார்கள் என்று பொருள். ஐரோப்பிய நாடுகளிலும் இந்தியாவிலும் இன்னும் பல இடங்களிலும் அவசர எண் 112. அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில சமயம் போய்விடும், அதனால் ஜிபிஎஸ் எண்களையும் அடிபட்டவரின் நிலையையும் ஒரே செய்தியில் எழுதி அனுப்புங்கள். விளிம்பில் ஒருவர் விழுந்துவிட்டால் அவரை எட்டிப்பார்க்க அதே இடத்துக்கு ஓடுவது எல்லாருக்கும் வரும் உந்துதல். அவர் காலுக்கு அடியில் உடைந்த பாறை இன்னும் அங்கேதான் இருக்கிறது. சுற்றி வேறு பக்கமாகப் போய்ப் பார்க்க வேண்டும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து சிக்னல் வரும் இடத்துக்கு இறங்கியதும், ஏரோபிளேன் மோடை எடுத்துவிட்டு, வீட்டில் யாரிடம் தாள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தீர்களோ அவரை முதலில் கூப்பிடுங்கள். நீங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் மீட்புக் குழுவை அழைத்துக்கொண்டிருக்கக் கூடாது.